பஸ் முழுக்கச் சிரித்த வசனம்

அத்தியாயம் 9

காலை ஆறே காலுக்கு நகாடோ கம்பாலா பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது, உடுத்தியிருந்த கறுப்புப் பாவாடை அவளுடையது இல்லை. விடுதியில் எதிர் அறைப் பெண்ணுடையது. அந்தப் பெண்ணும் அதைத் தன் அக்காவிடமிருந்து வாங்கியிருந்தாள். இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது.

ஆண்கள் விடுதியில் இன்னும் வசதி. நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டு வாங்கி, நேர்காணலுக்குப் போகிறவன் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்வான். அந்தக் கோட்டு இதுவரை பதினோரு நேர்காணல் பார்த்துவிட்டது. விளம்பரங்களில் மூன்று வருட அனுபவம் கேட்கிறார்களே, பேசாமல் அந்தக் கோட்டுக்கே வேலை கொடுத்துவிடலாம் என்று நகாடோவுக்குத் தோன்றும்.

வணிகவியல் மூன்றாம் ஆண்டு முடிய இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. அதற்குள் எம்பராராவிலிருந்து, ஒரு பால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து, நேர்காணலுக்குக் கடிதம் வந்திருந்தது. போன வாரம் அந்தக் கடிதத்தை அவள் அப்பா தெருவில் ஏழு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எட்டாவது வீட்டில் நாய் இருந்ததால் போகவில்லை.

அப்பாவை எல்லோரும் ஸலோங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரட்டைக் குழந்தை பெற்ற தகப்பனுக்கு ஊர் தரும் பட்டம் அது. பஸ் ஓட்டுகிறார், கம்பாலாவுக்கும் எம்பராராவுக்கும். இரட்டையரில் பதினொரு நிமிடம் மூத்தவன் வாஸ்வா. அதே பஸ்ஸில் கண்டக்டர். இளையவள் நகாடோ.

"வாங்க மேனேஜரம்மா. டிக்கெட் இருக்கா?" என்று படியில் நின்று கேட்டான் வாஸ்வா.

"டிரைவர் பொண்ணுக்கு எதுக்கு டிக்கெட்?"

"டிரைவர் மகனே நின்னுக்கிட்டுத்தான் வர்றான். போ, அப்பாவுக்குப் பின்னாடி சீட்டு. ஜன்னல் பக்கம். நேத்தே துண்டு போட்டு வச்சுட்டாரு."

அவள் ஏறும்போது அவன் குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி ஸ்டுடியோ இருந்துச்சா? குரல் கட்டியிருக்கு."

"ஒன்பது மணிக்கே முடிஞ்சிருச்சு."

"நேர்காணல்ல அத்தை குரல்ல பேசிடாதே."

கம்பாலாவின் கட்வே பகுதியில் இருக்கும் அந்த ஜன்னல் இல்லாத ஸ்டுடியோவைப் பற்றி வீட்டில் வாஸ்வாவுக்கு மட்டும்தான் தெரியும். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அறை. அங்கே உட்கார்ந்து, வெளிநாட்டுப் படங்களுக்கு ஊர் மொழியில் குரல் கொடுத்து, கதை சொல்லி, நடு நடுவே கேலியும் செய்வது அவள் வேலை. சீனப் படம், கொரியப் படம், இந்தியப் படம், எது வந்தாலும் சரி. படத்தில் பேசும் மொழி அவளுக்கும் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. அதனால் இதுவரை தகராறு வந்ததில்லை.

அவள் பெயர் எங்கேயும் வராது. எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஒரு கிழட்டு அத்தையின் குரலில் பேசுவாள். 'ஸெங்கா' என்றால் அத்தை. 'ஸெங்கா சொல்லும் படம்' என்று போஸ்டரில் போட்டால் வீடியோ கொட்டகையில் பெஞ்சு நிறைந்துவிடும்.

அப்பாவிடம், குழந்தைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அவர் அதையும் ஏழு வீடுகளில் சொல்லியிருந்தார்.

பஸ் ஆறரைக்குக் கிளம்பியது. ஸலோங்கோ தேய்த்த சட்டையோடு, கண்ணாடியில் மகளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு முன் சீட்டுக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "என் பொண்ணு. ஆபீசுக்குப் போறா" என்றார்.

"இன்னும் ஆபீஸ் இல்லப்பா. நேர்காணல்தான்."

"நேர்காணலும் ஆபீசுலதானே நடக்குது?"

அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கமுகிஷா. அந்தப் பால் நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரி, வாராவாரம் இதே பஸ்ஸில் வருகிறவர். வேலை காலியிருக்கும் செய்தியை அப்பாவிடம் சொன்னதே அவர்தான்.

"பயப்படாதேம்மா. நேர்காணல்ல நான் உக்கார மாட்டேன். ஆனா உக்கார்றவங்களோட மத்தியானம் சாப்பிடுவேன்" என்றார்.

அதில் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று நகாடோவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. புன்னகைத்து வைத்தாள்.

நகரம் முடிந்ததும் அவள் வழக்கம்போல யோசிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஏறினாலே அவளுக்கு யோசனை வரும். சிலருக்கு வாந்தி வரும்.

ஒரு படம் பேசினால் அறுபதாயிரம் ஷில்லிங். ராத்திரி பேசி முடித்து வெளியே வருவதற்குள் போனில் பணம் வந்துவிடும். வந்த அரை மணி நேரத்துக்கு அவள் பணக்காரி. ஒரு முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி வாங்குகிறவள் அன்றைக்கு மூன்று முட்டை போடச் சொல்வாள். மறுநாள் காலையில் விடுதி வாடகை அவளை மறுபடி மாணவியாக்கிவிடும்.

பால் நிறுவனத்தில் மாதக் கடைசியில் சம்பளம். கணக்குப் பார்த்தால் எட்டுப் படத்துக்குச் சமம். ஆனால் அதை 'சம்பளம்' என்று சொல்லலாம். 'நகாடோ என்ன பண்றா?' என்று யாராவது கேட்டால் அம்மா நின்று பதில் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை படம் விலை என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். போனவர்கள் பெரிய பெரிய கடை வாசலில் நின்று படம் அனுப்புகிறார்கள். கடைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட வந்ததில்லை. நகாடோ எம்பராராவைத் தாண்டிப் போனதே கிடையாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை விமானத்தில் பறக்கிறவர்களுக்குப் பேசுகிறாள். விமானத்தில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று தெரியாததால், இதுவரை அவள் பேசிய எல்லா விமானத்திலும் மடோக்கே வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும்தான்.

இதில் எதுவும் அவளுக்கு வருத்தமாக இல்லை. பக்கத்து வீட்டு விஷயம் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பியதிலிருந்து பஸ்ஸில் தேவாலயப் பாட்டுகளே ஓடிக்கொண்டிருந்தன; ஏழே முக்காலுக்குப் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "கண்டக்டரே! இன்னும் எத்தனை பாட்டுக்குத்தான் நாங்க பாவமன்னிப்பு கேக்கறது? படம் போடுப்பா!"

"ஸெங்கா படம்!" என்றது இன்னொரு குரல்.

"ஆமா, ஸெங்கா! ஸெங்கா!"

வாஸ்வா தங்கையைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள்.

"வேற ஒண்ணும் இல்ல" என்று அவள் காதருகே குனிந்து சொன்னான். "முதலாளி குடுத்த பென்டிரைவ்ல எல்லாமே அதுதான். மூணு வாரமா இந்த பஸ்ல உன் குரல்தான் ஓடுது. அப்பாவுக்கு இதுவரைக்கும் தெரியல. இன்னிக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்னால் தொங்கிய டிவியில் இந்தியப் படம். முதல் காட்சியிலேயே மழை, மழையில் பாட்டு. ஸெங்காவின் கிழட்டுக் குரல் எழுந்தது.

"பாருங்க புள்ளைங்களா, இவன் பொண்ணு கேக்க வந்திருக்கான். கையில ஒரு சேவல் உண்டா? ஒரு மூட்டை சக்கரை உண்டா? வெறுங்கையோட வந்து நனையறான். இவனை நம்பி எந்த அண்ணன் பொண்ணு குடுப்பான்?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. கமுகிஷா தொடையில் தட்டிக்கொண்டார். கண்ணாடியில் அப்பாவின் தோள்கூடக் குலுங்கியது. "இந்தக் கெழவி ஒருத்தி" என்று அவர் முணுமுணுத்தார். "இவளைப் பெத்தவன் எப்படித்தான் தாங்கினானோ."

நகாடோ ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். என்றாலும் அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிட்டது, இன்னொரு வசனம் வைத்திருக்கலாம் என்றுதான் அவள் மனம் முதலில் நினைத்தது.

இந்தப் படத்தைப் போன மாதம் ஒரே நாளில் மூன்று படம் பேசிய அன்று பேசியிருந்தாள். கடைசிப் படம். அதில் என்ன சொன்னோம் என்று பாதிக்கு மேல் ஞாபகம் இல்லை.

சாப்பாட்டுக்கு பஸ் நிற்கும் லுகாயாவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தக் காட்சி வந்தது. பெரிய மீசை வைத்த தகப்பன். எதிரே இரண்டு மகன்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தகப்பன் நின்றுகொண்டு பேசுகிறான். வாய் நீளமாக, மிக நீளமாக அசைகிறது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வாயை நிரப்ப வேண்டியிருந்தது. தொண்டை வறண்டு, தூக்கம் சொக்கி, எதுவும் தோன்றவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள்.

எழுந்து போய் டிவியை நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் மீசைக்காரன் பேசிவிட்டான்.

"ரெண்டு பேருக்கும் காலேஜ்ல இடம் கெடச்சிருக்கு, சந்தோஷம். ரெண்டு பேருக்கும் கட்ட என்கிட்ட இல்ல. ஒருத்தர் படிக்கட்டும், ஒருத்தர் பஸ்ல ஏறட்டும். சாப்பிடுங்க."

உடனே அத்தை நுழைந்தாள். "அட, பெத்தவன் பேசறானா, கண்டக்டர் பேசறானா? ஒருத்தர் ஏறு, ஒருத்தர் எறங்கு, ரை ரை!"

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் சீட்டுக்காரர்கள் "ரை ரை!" என்று கூரையைத் தட்டினார்கள்.

வாஸ்வா சிரிக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் படத்தை அவன் இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அப்பா கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டுகளையோ திரையையோ அல்ல, மகளை. எதிரே வந்த லாரிக்கு ஹாரன் கொடுத்தார். வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

லுகாயாவில் பஸ் நின்றதும், நீலக் கோட்டு போட்ட வியாபாரிகள் கோழிக்கறி குத்திய கம்பிகளையும் சுட்ட வாழைப்பழத்தையும் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஸலோங்கோ இறங்கிப் போய் முன் சக்கரத்தின் பக்கம் நின்றார். நகாடோவும் இறங்கினாள். வாஸ்வா தானாக வந்து சேர்ந்தான்.

"டியூஷன்" என்றார் அப்பா.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை பஸ்ல இது ஓடுது?"

"தெரியலப்பா. பஸ், கொட்டகை, சலூன்... எங்க வேணாலும் ஓடும்."

"ஊர் பூரா."

"ஆமா."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய் கொப்பளித்துத் துப்பினார். "நான் அன்னிக்கு அதைச் சொன்னப்ப யாரும் சிரிக்கல" என்றார்.

"உங்களைக் கேலி பண்ணணும்னு சொல்லலப்பா. அவன் வாய் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் எதையாவது..."

"எதையாவது" என்று வாஸ்வா இடையில் புகுந்தான். சிரிக்க முயன்றான், சரியாக வரவில்லை. "அது என்னோட கதை, நகாடோ. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினோரு நிமிஷம் பெரியவன்ல நான்?"

சீன வில்லனுக்கு அவளிடம் பதில் இருக்கும், கொரிய மாமியாருக்கு இருக்கும். இவனுக்கு இல்லை.

"அப்பா, படத்தை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டான் வாஸ்வா.

"காசு குடுத்து உக்காந்திருக்காங்க. ஓடட்டும்."

மசாகா நகரம் தாண்டியும் படம் ஓடியது. மீசைக்காரனுடைய இரண்டாவது மகன் பட்டணத்துக்குப் போய்க் கஷ்டப்பட்டான், சண்டை போட்டான், பாடினான். ஸெங்கா சளைக்காமல் பேசினாள். நகாடோ தன் குரலை யாரோ ஒருத்தியின் குரல் மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் பேசுகிறாள். கொஞ்சம் அவசரம்.

லியாண்டோண்டேவுக்கு அப்பால் சாலை வேலை. சிவப்புக் கொடிக்காரன் கையைக் காட்டினான். எதிர்ப்பக்க வண்டிகள் வரிசையாக வர ஆரம்பித்தன. எப்படியும் இருபது நிமிடம் ஆகும். ஸலோங்கோ எஞ்சினை அணைத்தார். டிவியும் அணைந்தது.

"அய்யோ!" என்றது பஸ்.

"இப்பத்தான் அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான்! அப்பன்காரன் கதவைத் திறக்கப்போறான்!"

"ஸலோங்கோ, எஞ்சினைப் போடுங்க!"

"டீசலை உங்க அப்பனா ஊத்துவான்?" என்று வாஸ்வா பின்னால் கத்தினான். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை.

ஸலோங்கோ சீட்டிலிருந்து எழுந்து பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். பஸ் ஓட்டுகிறவர் முகத்தைப் பயணிகள் நேருக்கு நேராகப் பார்ப்பது அபூர்வம். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"கதைதானே வேணும்? ஸெங்கா இங்கயேதான் இருக்கா. முன் சீட்டுல" என்றார். "என் பொண்ணு."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கமுகிஷா அவளிடமிருந்து ஒரு சாண் விலகி உட்கார்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? அந்தக் கெழவி நீயாம்மா?"

பஸ் எழுந்து நின்றது. செல்போன்கள் நீண்டன. "பேசு! பேசு! ஒரு வார்த்தை!"

அப்பா, நிறுத்தம் சொல்ல வாஸ்வா வைத்திருந்த மைக்கை வாங்கி அவளிடம் நீட்டினார். கோபமாக நீட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில்லறை கொடுப்பதுபோல நீட்டினார்.

"சொல்லு. ஒருத்தர் படிக்கட்டும்னு சொன்னானே அந்த அப்பன். அதைச் சொல்லிட்டு அவன் என்ன செஞ்சான்?"

நகாடோ மைக்கைப் பிடித்தாள். அத்தையின் குரலுக்காகத் தொண்டையைச் செருமினாள். அது வரவில்லை. தன் குரலில்தான் பேச முடிந்தது.

"தெரியாது" என்றாள். "அந்த வீட்டுல யாரும் அவர்கிட்டக் கேக்கல."

"என்னம்மா இது, கதையே இல்லையா?" என்றார் ஒருவர்.

"நான் சொல்றேன்" என்றார் ஸலோங்கோ. மைக் இல்லாமலே அவர் குரல் கடைசி சீட்டுவரை போனது. "அவன் வெளிய போயி பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டான். ஏதோ ரிப்பேர் பாக்கற மாதிரி. ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ரெண்டு மணி நேரம் படுத்திருந்தான்."

நடு சீட்டிலிருந்து, மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள். "ஏன் ஸலோங்கோ, ரெண்டு பேர்ல ஒரு புள்ளையை மட்டும் ஏன் படிக்கவைக்காம விட்டான்?"

"ரெண்டு பேரையும் பாத்தான். பொண்ணு தட்டைத் தள்ளி வச்சுட்டா. பையன் சாப்பிட்டுக்கிட்டே இருந்தான். சாப்பிடறவன் தாங்கிக்குவான்னு நெனச்சான்."

"பொண்ணா? படத்துல ரெண்டும் பசங்கதானே?" என்று ஒருவர் ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். அவர் ஸலோங்கோவைப் பார்த்தார், நகாடோவைப் பார்த்தார், கதவருகே நின்ற கண்டக்டரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

நீட்டியிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

வாஸ்வா வெளியே, வரிசையாகப் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பசிச்சுச் சாப்பிடலப்பா. தலையைக் குனிஞ்சுக்க ஏதாவது வேலை வேணும்ல?"

ஸலோங்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொடிக்காரன் பச்சைக் கொடியை ஆட்டினான். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார்.

டிவி உயிர்பெற்றது. மீசைக்காரன் கதவைத் திறந்தான். ஸெங்கா ஏதோ சொன்னாள். யாரோ எழுந்து வந்து சத்தத்தைக் குறைத்தார்கள்.

நீளக் கொம்பு மாடுகள் சாலையைக் கடக்க பஸ் நின்றபோது கமுகிஷா, "எங்க வீட்டுல எம் பொண்டாட்டி உன் படம்தான் பாப்பா" என்றார். அது அவளுக்குச் சாதகமா பாதகமா என்பது அவர் முகத்தில் இல்லை.

இறங்கும்போது, "மத்தியானம் அவங்களோட சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளை நிறுவன வாசல்வரை கொண்டுவிட வாஸ்வா வந்தான். பத்து நிமிட நடை. வாசலில் அவள் நின்றாள்.

"வாஸ்வா, நான்..."

"ஊக்கு தெரியுது. சட்டையை வெளிய விடு" என்றான். "உள்ள போ."

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் ஒரு பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முன் அனுபவம் ஏதாவது உண்டா?"

விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். "உண்டு" என்றாள். "ரெண்டு வருஷமா படங்களுக்குக் குரல் குடுக்கறேன். நூத்தி அறுபத்தெட்டுப் படம்."

ஓரத்திலிருந்தவர் சிரித்தார். "எங்களுக்காகக் கொஞ்சம் பேசிக் காட்டேன்."

"மன்னிக்கணும் சார். அது வேலை. காசு வாங்காம செய்யறதில்ல."

அவர் சிரிப்பு நின்றது. பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். "கணக்குப் பிரிவுக்கு அது எப்படிப் பயன்படும்?"

நகாடோ உண்மையாகவே யோசித்தாள். "பயன்படாது மேடம். ஆனா சொன்ன தேதிக்கு முடிச்சுக் குடுக்காம இருந்ததில்ல."

பெண்மணி எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். இரண்டு வாரத்தில் சொல்வதாகச் சொன்னார்கள். பிறகு பின்னேரம்வரை எழுத்துத் தேர்வு வைத்தார்கள்.

அவள் வெளியே வந்தபோது மணி மூன்று இருபது. அப்பாவின் பஸ் கம்பாலாவுக்குத் திரும்புவது மூன்று மணிக்கு. போயிருக்கும், வேறு பஸ் பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள்.

பஸ் போகவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், நிறுவனத்துக்கு நேராக வந்து நின்றிருந்தது. ஜன்னல்களில் பயணிகளின் தலைகள். சிலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டும் இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஸலோங்கோ ஒரு நிமிடம் தாமதித்ததாக யாரும் சொல்லிவிட முடியாது.

வாசல் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. பால் லாரிகளோடு போய்க் கொள்முதல் பதிவு செய்ய மூன்று பேர் தேவை. பள்ளி இறுதித் தேர்வு போதும். மாலை நேரக் கல்லூரிக்கு நிறுவனமே கட்டணம் செலுத்தும். இன்று மாலைக்குள் விண்ணப்பிக்கவும்.

பலகைக்குக் கீழே, காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தான் வாஸ்வா. கண்டக்டர் பை பக்கத்தில் தரையில் கிடந்தது. எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினான்.

இரண்டடி தள்ளி அப்பா நின்றிருந்தார்.

"அப்பா, மணி..."

"எழுதி முடிக்கட்டும்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முதலாளி. மறுபடி பைக்குள்ளேயே போட்டார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

நகாடோ அண்ணனுக்குப் பக்கத்தில் போய், காகிதம் காற்றில் பறக்காமல் ஓரத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. விரலைத் தள்ளவும் இல்லை.

கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"அப்பா" என்றான் வாஸ்வா, நிமிராமல். "எப்ப வேலையில சேர முடியும்னு கேட்டிருக்கான். என்ன போட?"

ஸலோங்கோ சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்தார். திறந்தபடி கிடந்த கதவு, படியில் யாரும் இல்லாத பஸ்.

"உடனேன்னு போடு" என்றார்.